கேமராவைப் பார்க்காத இரண்டு நிமிடம்

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில், தறிக்குப் போக வேண்டிய பாவு நூலை நீளமாகக் கட்டிக் கஞ்சி தடவுகிறார்கள். இந்த ஊரைக் குறும்படமாக எடுக்க வந்த என்னிடம் மிச்சம் இரண்டு நிமிடப் பிலிம் சுருள்தான். பாவின் இருபுறமும் நிற்கும் பன்னிரண்டு பேரும் வேலையை விட்டுக் கேமராவையே பார்க்கிறார்கள்.

"இங்கே பார்க்காதீங்க" என்று மூன்றாம் முறையாகக் கெஞ்சுகிறேன்.

"மெட்ராஸ்ல இருந்து வந்துருக்கீக. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னா மருவாதியாவா இருக்கும்?" என்கிறார் முன்னால் நிற்கும் லட்சுமக்கா.

திடீரென்று அடித்த காற்றில் நாலைந்து இழைகள் அறுந்துவிடுகின்றன. யாரோ தங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் கத்த, அத்தனை தலைகளும் பாவின் மேல் குனிகின்றன. கஞ்சி காய்வதற்குள் முடிச்சுப் போட்டாக வேண்டும். நான் சுருள் தீரும்வரை எடுக்கிறேன்.

லட்சுமக்கா நிமிர்கிறார். "இனிப் பாக்க மாட்டோம் தம்பி, எடுத்துக்கிருங்க."

சுருள் தீர்ந்ததைச் சொல்லாமல் வெறும் கேமராவை ஓட்டுகிறேன். பன்னிரண்டு பேரும் மறுபடி கேமராவையே பார்த்துச் சிரிக்கிறார்கள்.