பாவாடைராயன் போன வழி

தை மாதம் மகளுக்குக் கல்யாணம் என்று நிச்சயமானதும், தனகோட்டிக்கு வந்த முதல் கவலை நகையைப் பற்றியோ பந்தியைப் பற்றியோ அல்ல. முதல் பத்திரிகையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அது குலதெய்வத்தின் காலடியில் வைக்க வேண்டியது. அவர்களுடைய குலதெய்வம் பாவாடைராயன், ஒற்றைப் பனையடியில் நட்ட கல். கல்லும் பனையும் இருந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. ஊர்க்காரர்கள் கிளம்பும்போது மாரியம்மன் கோயிலிலிருந்து மேளம் கொட்டிப் பிடிமண் எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய இடத்து மண் ஒரு பிடி போனால் சாமியும் கூடவே போகும். தனகோட்டி மாதிரிக் காலனிக்காரர்களுக்கு நிலம் இல்லை, நின்று பேரம் பேசவும் ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். பிடிமண்ணைப் பூசாரி வைத்திலிங்கம் எடுத்திருப்பார் என்று தனகோட்டியின் கணவன் பழனிவேல் நினைத்தான். பழனிவேல் எடுத்திருப்பான் என்று பூசாரி நினைத்தார். பழனிவேல் செத்த பிறகுதான் இரண்டு பேருமே எடுக்கவில்லை என்பது தெரிந்தது.

"மாரியாத்தா கோயில்ல வெச்சிட்டு வந்துடு தனம். எல்லாம் ஒரே சாமிதான்" என்றார் பூசாரி.

"எல்லாம் ஒண்ணுன்னா, நீங்க ஏன் மாமா அத்தினி வருசம் பம்பை அடிச்சிகினு இவருக்குன்னு தனியா ஆடினீங்க?"

பூசாரி வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார். எல்லாம் ஒன்று என்பது பெரிய வார்த்தைதான். தொலைத்தவர் வாயிலிருந்து வரும்போது அதில் கொஞ்சம் சோம்பேறித்தனமும் கலந்துவிடுகிறது.

பழனிவேலின் தம்பி செங்குட்டுவன் சுரங்கத்தில் மண் போகும் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். ஆயுத பூசையன்று வேலைக்காரர்களின் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். தனகோட்டி அவனோடு பஸ்ஸில் ஏறி இறங்கினாள். சுரங்க மண்ணைக் கொட்டிய மேட்டில் மரக்கன்று நடும் கூலிவேலைதான் அவளுக்கும். ஆனாலும் குழிக்குள் அதுவரை போனதில்லை.

மலையைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்த மாதிரி இருந்தது. படிப்படியாக இறங்கும் சுவர்களில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஓரிடத்தில் கத்தரிப்பூ நிறம். மரம் இல்லை, புல் இல்லை, நிழல் என்று எதுவும் இல்லை. பூமிக்குள் இறங்கியது போலவே தோன்றவில்லை. வேறு ஏதோ நட்சத்திரத்தில் வந்து இறங்கிவிட்டது போல இருந்தது. நடுவில் தேர் உயரச் சக்கரத்தோடு மண்வெட்டும் எந்திரம். வாழைக்கன்று கட்டி, சந்தனம் அப்பி, பூசணிக்காய் உடைத்திருந்தார்கள்.

"நம்ம ஊர வெட்னது இதுவா?"

"இதுவோ, இதோட அண்ணனோ. எல்லாம் ஒரே சாயல்தான் அண்ணி."

கற்பூரம் காட்டியபோது அவள் கை தானாகவே கும்பிட எழுந்தது. கீழே இறக்கிக்கொண்டாள். "நம்ம பனை எங்க நின்னுச்சு, அதச் சொல்லு."

செங்குட்டுவன் குழியின் விளிம்பைப் பார்த்தான். பழைய ஊரின் பாழடைந்த பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி மட்டும் அங்கே மிச்சம் இருந்தது. அதிலிருந்து கணக்குப் பண்ணி, விரலை ஆகாயத்துக்குத் தூக்கினான். "அங்க."

"அங்க ஒண்ணுமே இல்லியே?"

"அதான் அண்ணி. நாம சாமிக்கு ரொம்பக் கீழ நிக்கிறோம்."

அவன் காட்டிய வெட்டவெளிக்கு நேர் கீழே போய், குனிந்து கைக்குக் கிடைத்ததை எடுத்தாள். கறுப்பாக ஒரு கட்டி. டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாமி மண்ணைக் குளிக்காமல் மஞ்சள் துணியில் முடியக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் பையை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, துணி வாங்கக் கடைக்குப் போனாள். திரும்பும்போது வெந்நீர் தயாராக இருந்தது. மனசாரக் குளித்து, ஈரத்தலையோடு துணியை விரித்து, பையைத் திறந்தாள்.

"ஏ இசை, பையில இருந்தது எங்கடி?"

"கரிதானம்மா? அடுப்புல போட்டேன்" என்றாள் இசைப்பிரியா. லாரியிலிருந்து சிந்தும் கரியை அம்மா பொறுக்கி வருவது அந்த வீட்டில் வழக்கம். "நீ குளிச்சதே அதுலதான். நல்லா சுட்டுச்சா?"

விஷயம் கேட்டு வந்த செங்குட்டுவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "சாமியே வெந்நி வெச்சி குளிப்பாட்டிடுச்சு அண்ணி. வேற எந்த மருமவளுக்குக் கெடைக்கும்?" என்றான். அன்றைக்கு அவனுக்குச் சோறு போடவில்லை.

பூசாரிக்கு மட்டும் வழி தெரிந்துவிட்டது. "சாம்பல் இருக்குமில்ல? திருநூறா வெச்சிக் கும்புடு. தீயா வந்தாரு, நீறா நின்னாருன்னு நான் பாடிடறேன்."

கேட்ட எல்லோருக்கும் பிடித்தது. தனகோட்டிக்குப் பிடிக்கவில்லை.

"அந்தச் சாம்பல்ல நான் ஏனம் வெளக்கிட்டேன் மாமா. அதுவும் இல்லாம, அவரு நின்னது செம்மண்ணு. கரி எங்கியோ கீழ கெடந்தது. அவசரத்துல கையில ஆப்ட்டத எடுத்துகினு வந்தது என் தப்பு. அது அவரு இல்ல."

அழகாக முடிகிற சமாதானத்தை வேண்டாம் என்று சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அவளிடம் அது இருந்தது.

"மேல் மண்ணு எங்க போச்சு?" என்று செங்குட்டுவனைக் கேட்டாள்.

"பெல்ட்டுல ஏத்தி, கரி எடுத்து முடிச்ச பக்கம் கொட்டிட்டாங்க. நீ கன்னு நடறியே, அந்த மலைதான்."

"அது பெரிய மலையாச்சே. நம்ம ஊரு எந்தப் பக்கம்?"

அவன் ஷிப்டு ஷிப்டாகப் பழைய ஆட்களை விசாரித்துக்கொண்டு வந்தான். தெற்குச் சரிவு. அவள் கன்று நட்ட சரிவுக்கு அடுத்தது. தினமும் அங்கே நிழல் தேடிப் போய்ச் சோறு தின்றிருக்கிறாள்.

மார்கழியில் மழை விட்ட ஒரு காலையில் ஏறினார்கள்: தனகோட்டி, இசைப்பிரியா, பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பூசாரி. மழை அறுத்த ஓடைகள் சரிவு முழுக்க. கால் கணுக்கால் வரை புதைந்தது. பூசாரிக்கு மூச்சு வாங்கியது.

"அவரு பெல்ட்டுல நோவாம ஏறிப் போயிட்டாரு. நம்மள நடக்க வுட்டுட்டாரு."

சரிவின் நடுவில் தனகோட்டி நின்றாள். செம்மண், இடையிடையே வெள்ளைக் களி, மக்கிய வேர்கள். அடையாளம் என்று எதுவும் இல்லை. ஓட்டுச் சில்லு ஒன்றாவது கிடைக்கும் என்று கொஞ்ச நேரம் காலால் கிளறிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"இதுதான் அவரு மண்ணுன்னு எப்பிடிச் சொல்ற?" என்றார் பூசாரி. "ஊர்க்காரங்க நெலம் அத்தினியும் இதுல கலந்துதானே கெடக்குது?"

"கலந்தா என்ன மாமா? அந்த நெலத்துலயும் நாமதானே நடவு நட்டோம். அவரும் அதுல எங்கியோ கெடக்குறாரு. பிரிச்சி எடுக்க முடியலன்னா, மொத்தமும் அவருதான்."

"பூப்போட்டு உத்தரவு கேக்க வேணாமா?"

"இத்தினி வருசம் தேடி வராதவங்க நாம. உத்தரவு என்ன மூஞ்சியோட கேக்குறது? வாங்கன்னு கூப்புட்டுப் பாப்போம்."

மஞ்சள் துணியை விரித்து, இரண்டு கையாலும் ஒரு பிடி அள்ளி வைத்து முடிந்தாள். பூசாரி பம்பையை முன்னால் இழுத்து, தோலில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தார்.

இசைப்பிரியா பையிலிருந்து பத்திரிகையை எடுத்தாள். "அம்மா, இங்கியே வெச்சிட்டுப் போயிடலாமா? எனக்குக் கால் வலிக்குது."

"வழியில நிக்க வெச்சா பத்திரிகை குடுப்பாங்க?" என்றாள் தனகோட்டி, முடிச்சைத் தலையில் ஏற்றிக்கொண்டே. "வூட்டுக்குக் கூட்டிகினு போயி, ஒக்கார வெச்சிக் குடு. நட."