நேர்ச்சைப் பெயரும் ஒரு காலி வீடும்

முப்பத்தாறு வருடம் வருவாய்த் துறையில் இருந்தவன் நான். எந்த மனுவுக்கு எந்த இணைப்பு, எந்தச் சான்றிதழுக்கு யார் கையெழுத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடிக்க என்ன இணைப்பு வேண்டும் என்பதை மட்டும் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். தெரியாமலே போயிருக்கலாம்.

என்னிடம் கடைசி வருடங்களில் வேலை பார்த்த உதவியாளர் ஒருவருக்கு வீரகேரளம்புதூரிலிருந்து தென்காசிக்கு மாறுதல் வந்தது. மனைவிக்கு ஏழாவது மாதம். ரத்த அழுத்தம் வேறு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மாதக் கடைசிக்குள் வீடு வேண்டும்.

சிக்கல் அவர் பெயரில். அவர் இந்து, பெயர் முஸ்லிம் பெயர். அவருக்கு முன் பிறந்த இரண்டும் தங்காமல் போக, பெற்றவர்கள் தர்காவில் நேர்ந்துகொண்டு, பிழைத்த பிள்ளைக்கு அங்கே அடங்கியிருக்கும் மகானான அவுலியாவின் பெயரையே வைத்தார்கள். எங்கள் பக்கம் இது அதிசயமில்லை. பழைய வாக்காளர் பட்டியலைப் புரட்டினால், காவடி எடுக்கும் வீடுகளில் இப்படிச் சிலர் அகப்படுவார்கள்.

முதலில் முஸ்லிம் தெரு ஒன்றில் கேட்டிருக்கிறார். பெயரைச் சொன்னதும் டீ வந்ததாம். எந்த ஜமாஅத் என்ற கேள்விக்கு, தான் இந்து என்று சொன்னதும், "மச்சான் துபாய்லேருந்து வாராரு, அவருக்கே வீடு வேணும்" என்றார்களாம். டீயை மட்டும் குடிக்க விட்டார்கள்.

நான் என் காலைநடைத் தோழரிடம் கேட்டேன். மேலகரத்து மாடி அவருடையது.

"சும்மாதான கெடக்கு அண்ணாச்சி. ஒங்க ஆளுன்னா நாளைக்கே வரச் சொல்லுங்க."

பெயரைச் சொன்னேன். நடை நின்றது.

"தப்பா நெனைக்காதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுல அவ வெளக்கு ஏத்துதா. கறி வாசம் ஆகாது பாத்துக்கிடுங்க."

சாரல் விழுந்துவிட்டால் வாரம் தவறாமல் குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு செங்கோட்டைப் பக்கம் புரோட்டாவும் கோழியும் தின்ன வரிசையில் நிற்கிறவர் இவர். அது பாய் கடை. பரிமாறுகிறவரின் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். "அவரு ஒம்ம ஆளுதான்வே. அது நேர்ச்சைப் பேரு" என்றேன்.

முகம் உடனே மலர்ந்தது. "அட, நம்ம பயலா! மொதல்லயே சொல்லக் கூடாதா? சாதிச் சர்டிபிகேட் நகல் ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க. அவ கேப்பா."

அதைவிடக் கேவலம் அடுத்து நான் செய்தது. அன்றே உதவியாளரைக் கூப்பிட்டு, "தம்பி, ஆன்லைன்லயே எடுத்துரலாம். அசல் வேண்டாம்" என்று வழி சொன்னேன். எத்தனையோ சான்றிதழுக்குப் பரிந்துரை எழுதிய பழக்கம்; வாய் தானாகப் பேசியது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதக் காட்டுனா, எங்கப்பா வச்ச பேரு பொய்யின்னு நானே சொன்ன மாதிரி சார். இந்தப் பேராலதான் நான் உசுரோட இருக்கேன்னு எங்கம்மா சொல்லுதா. புள்ள பொறக்கப்போற நேரம். வேண்டாம்."

ஆய்க்குடியில் வீடு கிடைத்தது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் என்பதைத் தவிர வீட்டுக்கார அம்மா எதுவும் பேசவில்லையாம். ஆனால் ஆஸ்பத்திரி தூரம். வலி எடுத்த அன்று குற்றால சீசன் கூட்டத்தில் தென்காசிக்குள் ஆட்டோ நகரவே இல்லை. ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தார்கள். பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம்.

பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க அவகாசம் இருக்கிறது, நிதானமாக வைக்கலாம் என்றேன். "வச்சாச்சு சார்" என்றார். ஆட்டோ நகராமல் நின்றபோது அதே தர்காவுக்கு நேர்ந்துகொண்ட பெயர்.

தோழர் ஒருநாள் கேட்டார்: "ஒங்க ஆளு சர்டிபிகேட் கொண்டாரலியே?"

வேறு வீடு பார்த்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். வாடகைக்கு என்ற பலகை இன்னும் தொங்குகிறது. நான் இப்போது வேறு பாதையில் நடக்கிறேன். அவரிடம் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன்.