ஒற்றைக் கண்ணும் ஓயாத இருமலும்

போன மாசி மாதம் ஒரு காலை, வேலைக்குப் போகக் குனிந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே நின்ற என் கணவர் இரண்டு தலையோடு தெரிந்தார்.

"ஏன் ஆடிக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"நான் எங்கையப்பா ஆடினனான்?" என்றார் அவர்.

அடியார்களே, எனக்கு இருப்பது ஒரே ஒரு கண். இடது கண் சிறு வயதில் பட்ட காயத்தோடு போய்விட்டது. வலது கண்ணில் பல வருடங்களுக்கு முன் கண்புரையை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்திருந்தார்கள். அதைத் தாங்கும் மெல்லிய இழைகள் தளர்ந்து, லென்ஸ் இடம் விலகிவிட்டதாம். அப்படியே விட்டால் கண்ணின் பின்புறம் விழுந்துவிடும் என்றார் டொக்டர். அவர் பிரெஞ்சு பேசும் கியூபெக் பெண்மணி. எனக்காக ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். லென்ஸை நடுவுக்குக் கொண்டுவந்து வெண்விழியோடு நூலால் தைக்க வேண்டுமாம். கண்ணைத் தைப்பதா!

அதைவிடப் பெரிய சிக்கல் என் இருமல். குளிர்காலத் தடிமன் சளியோடு வந்த வறட்டு இருமல், எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. இதயம் பலவீனம் என்பதால் முழு மயக்கமும் தர முடியாது. கண்ணை மட்டும் விறைக்க வைத்து, விழித்திருக்கும்போதே ஒப்பரேஷன்.

"இருமல் வருவது போலிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், நிறுத்துவேன். சொல்லாமல் இருமினால் கண்ணுக்கு ஆபத்து" என்றார் டொக்டர். என் இருமல் எப்போதாவது சொல்லிக்கொண்டு வந்திருக்கிறதா?

சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் நான் பார்த்த மருந்துப் பெட்டி அடுக்கும் வேலை நின்றது. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டு வெளிப்படியில் பனி இறுகிக் கிடந்தது. கணவரின் கையைப் பிடிக்காமல் ஒரு படிகூட இறங்க முடியவில்லை. இனி சாகும்வரை இப்படித்தானா என்று அழுதேன். சாமிப் படத்தின் முன் நின்று முருகனோடு சண்டையும் பிடித்தேன்.

"ரெண்டில ஒண்டை எடுத்திட்டாய். மற்றதையும் கேக்கிறியோ? வெக்கமில்லையோ உனக்கு?"

கணவர் பதறிப்போனார். "சாமியோட இப்பிடிக் கதைக்கலாமோ?"

"வேற ஆரோட கதைக்கிறது?" என்றேன்.

பிறகு சண்டை போடவும் தெம்பில்லாமல் போயிற்று. ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டேன். ஒப்பரேஷன் முடியும்வரை எனக்கு இருமல் வரக்கூடாது.

ஒப்பரேஷன் அன்று திருநீறு பூச விடவில்லை. முகத்தைத் துணியால் மூடிக் கண்ணை மட்டும் திறந்து வைத்தார்கள். நான் எப்போதும் வாய்விட்டுத்தான் கும்பிடுவேன். "முருகா, முருகா" என்று தொடங்கினேன். "பேசாதீர்கள் மதாம், தலை அசைகிறது" என்றார் டொக்டர். வாயை மூடிக்கொண்டேன்.

பாதியில் தொண்டை அரிக்கத் தொடங்கியது. சொல்லிவிடலாம் என்று நினைத்த அதே நேரம், "இப்போது மட்டும் அசையவே வேண்டாம்" என்றார் டொக்டர். ஊசி கண்ணுக்குள் இருக்கிறது. வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன் இருமல்தான் வரும். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. திருநீறு இல்லாத என் நெற்றியில் டொக்டரின் கை ஊன்றியிருந்தது. அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. ஐயோ, இவருக்கும் பயம்தானே என்று அப்போதுதான் பட்டது.

'முருகா, என்னை விடு. இந்தப் பிள்ளையின்ரை கை நடுங்காமல் பார்' என்று மனதுக்குள் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். தொண்டை எப்போது அடங்கியது என்று எனக்குத் தெரியாது. "முடிந்தது மதாம்" என்ற குரல் கேட்டபோதுதான் இருமல் என்ற ஒன்று இருந்ததே ஞாபகம் வந்தது.

"இனி இருமலாமோ?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். வெளியே கொண்டுவந்ததும் இருமினேன் பாருங்கள், கட்டிலே ஆடியது!

சில வாரங்களில் பார்வை தெளிந்தது. கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது, டொக்டரிடம் அவர் பிறந்த தேதியும் நேரமும் கேட்டேன். அவர் திகைத்துப்போனார். கோயிலில் உங்களுக்காகப் பூசை செய்ய நட்சத்திரம் வேண்டும் என்று கணவர் விளக்கினார். ஒப்பரேஷன் நடுவே டொக்டரின் கைக்காக நான் வேண்டியதையும் சொன்னார்.

"தைக்கும்போது நூல் முதலில் பிடிக்கவில்லை. இரண்டாம் தரம்தான் பிடித்தது" என்றார் டொக்டர். தேதியைச் சொன்னார். பிறந்த நேரம் அவருக்கும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டோடு போய் டொக்டரின் பெயரைச் சொன்னேன்.

"நட்சத்திரம்?" என்று கேட்டார் ஐயர்.

"சரியாத் தெரியாது ஐயா."

அவர் மூலஸ்தானத்தைக் காட்டினார். "அவருக்குத் தெரியும், தாங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமும் என் வீட்டாரின் பெயர்களை மட்டுமே சொன்ன இடம் அது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்களுக்கும் பயம் வரும் நாள் வரும். அன்று சண்டை பிடியுங்கள், அழுங்கள், அவன் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். ஆனால் உங்களைக் காப்பாற்ற ஒருவர் கை நீட்டினால், அந்தக் கைக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு அந்த வார்த்தைக்குத்தான் பதில் கிடைத்தது.