நாற்பத்தொன்று கழிந்து வருவான்

என் கணவருடைய அம்மாவனோடு நான் முப்பது வருஷத்துக்கு மேல் பேசவில்லை. அம்மாவன் என்றால் தாய்மாமன். எதிரே வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபக்கம் போய்விடுவேன். கல்யாண வீட்டில் அவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் நான் மூன்றாம் பந்திக்குக் காத்திருப்பேன். அப்பேர்ப்பட்ட நான் போன ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு அவர் வாசலில் போய் நின்றேன். எனக்கு அவரிடமிருந்து ஒரு வாக்குமூலம் வேண்டியிருந்தது. அது கிடைக்காவிட்டால் எங்களுக்கு வேறு வழி எதுவும் மிச்சமில்லை.

என் கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாதி ஆயுசு தினக்கூலியாகவே ஓட்டினார். அவரை நிரந்தரமாக்கியபோது தலை நரைத்திருந்தது, பழைய பென்ஷனையும் நிறுத்திவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு ஓய்வு பெறும் அன்று ஒரு மொத்தத் தொகை, மாலை, ஒரு கைக்கடிகாரம். அவ்வளவுதான். அந்தத் தொகை வந்த சுருக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துக்கு இரண்டு தடவை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அதைக் காப்பீட்டில் செய்கிறார்கள். ஊசிக்கும் மருந்துக்கும் ஆட்டோவுக்கும் காப்பீடு இல்லை. நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். மகன் கல்ஃபில் இருக்கிறான், போவதற்கு வாங்கிய கடனையே இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறான். கழுத்திலும் காதிலும் கிடந்தது எல்லாம் போய், தையல் இயந்திரத்தை விற்றால் என்ன கிடைக்கும் என்று விசாரிக்கிற இடத்துக்கு வந்திருந்தேன். விற்றுவிட்டு எதை வைத்துத் தைப்பது என்று கேட்க எனக்கே தோன்றவில்லை.

அப்போதுதான் டயாலிசிஸுக்குக் காத்திருந்த இடத்தில் யாரோ ஒரு பழைய சுபேதாரைப் பற்றிச் சொன்னார்கள். பட்டாளத்தில் இருந்து வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். நாகர்கோவிலில் ஒரு மாடியறையில் இருந்தார். மீசையை மட்டும் இன்னும் பட்டாளத்துக்கு விட்டு வைத்திருந்தார்.

ஜீப்புக்கு முன்னால் என் கணவர் ஒன்பது வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டியிருக்கிறார். அதைக் கேட்டதும் சுபேதார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓய், இத ஏன் இம்புட்டு நாளா யாருட்டயும் சொல்லல்ல? அந்த ஒம்பது வருசத்தையும் இந்த சர்வீசோட சேத்தாச்சுன்னா நீரு பழைய பென்ஷன்ல வருவீருன்னு வாதாடலாம். மாசாமாசம் வரும். உமக்குப் பொறவு இந்த அம்மைக்கும் வரும்."

என் கணவர் தரையைப் பார்த்தார். "டிஸ்மிஸ் பண்ணி அனுப்பினது" என்றார்.

சுபேதார் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஒழுங்காக விடுவித்து அனுப்பியிருந்தால்தான் அந்த வருஷங்களுக்கு மதிப்பு, டிஸ்மிஸ் என்றால் ஒன்பது வருஷமும் தண்ணீரில் போனது மாதிரிதான் என்றார். எதற்காக டிஸ்மிஸ் என்று கேட்டார். நான்தான் சொன்னேன். அந்தக் கதையை என்னைப் போல எரிச்சலோடு சொல்ல வேறு ஆள் கிடையாது.

அவர் லீவில் வந்திருந்தபோது என் மாமியார் இறந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், நான் பிள்ளைத்தாய்ச்சி. மற்ற ஊர்களில் பதினாறோடு துக்கம் முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் கொள்ளி வைத்த மகனுக்கு நாற்பத்தொன்று. அதுவரை அவன் தாடி வளர்த்து, பாயில் படுத்து, ஒரு நேரம் உண்டு, அம்மை படுத்திருந்த இடத்தில் எரிகிற விளக்கு அணையாமல் பார்க்க வேண்டும். ஊர் எல்லை தாண்டக் கூடாது. இவர் ஒரே மகன். லீவு அதற்கு ரொம்ப முன்னாலேயே முடிகிறது. துஷ்டி வீட்டில் சாவுக் காரியம் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு நடத்திய அம்மாவன், பட்டாளத்துக்குத் தான் தந்தி அடிப்பதாகச் சொன்னார். அடிக்கவும் செய்தார். என்ன அடித்தார் தெரியுமா? "அம்மா இறந்துவிட்டாள். நாற்பத்தொன்று கழிந்து வருவான்."

எங்கள் ஊரில் இதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். எந்த முதலாளியும் வாயைத் திறக்க மாட்டான். அசாமில் இவருடைய முகாமில் உட்கார்ந்திருக்கும் பஞ்சாப் அதிகாரிக்கு நாற்பத்தொன்றைப் பற்றி என்ன தெரியும்? லீவு வேண்டும் என்ற ஒரு வார்த்தை அந்தத் தந்தியில் இல்லை. உடனே வந்து சேர் என்று பதில் தந்தி வந்தது.

அது வந்த அன்று நான் கிணற்றடியில் நின்றேன். தபால்காரர் துஷ்டி வீட்டுக்குள் வராமல் அம்மாவனை வெளியே கூப்பிட்டுக் கொடுத்தார். அம்மாவன் படித்தார், மடித்து மடியில் செருகினார். என்ன தந்தி என்று எனக்கு அப்போது தெரியாது. நாற்பத்தொன்றாம் நாள் மண்டைக்காட்டுக் கடலில் முழுகி, தாடியை எடுத்து, ஊருக்குச் சோறு போட்ட பிறகுதான் "பட்டாளத்துல இருந்து தந்தி அடிச்சு விளிச்சிருக்கான்" என்று பேச்சு எழும்பியது. இவர் அன்றைக்கே ரயில் ஏறினார். அங்கே ஓடிப்போனவன் என்று எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே போட்டார்கள், பிறகு வெளியே அனுப்பினார்கள். கறுப்புத் தகரப் பெட்டியோடு அவர் திரும்பி வந்தபோது மகன் குப்புற விழத் தொடங்கியிருந்தான். அன்றிலிருந்து அம்மாவன் இருக்கிற திசையில் நான் பார்ப்பதில்லை.

சுபேதார் மீசையைத் தடவினார். "அந்த ஆளு உயிரோட இருக்காரா?"

"இருக்காரு. அவருக்கு என்ன கேடு?" என்றேன்.

"அப்பம் ஒரு வழி இருக்கு. திரும்பி வரச்சொல்லி கமாண்டு வந்தது இவருக்குத் தெரியாது, நான்தான் ஒளிச்சு வச்சேன்னு அவரு சத்தியம் பண்ணி எழுதித் தரட்டும். வேணும்னு செய்த குற்றம் இல்லைன்னு ஆவும்லா? டிஸ்மிஸ்ஸ மாத்திக் குடுங்கன்னு கேக்கலாம். கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கேக்கதுக்கு வேற வழி கிடையாது."

இப்படித்தான் நான் மழையில் போய் நின்றேன். அம்மாவனுக்கு எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கட்டிலில் சாய்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தார். நான் குடையை மடக்கவில்லை, நலம் கேட்கவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். மறுப்பார், சண்டை போடலாம் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அவர் டி.வி.யை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"அவன் வரச் சொன்னானா?"

"நான்தான் வந்தேன்."

"சரி மக்களே. என்ன எழுதணுமோ எழுதச் சொல்லு. நான் ஒப்பு போடுதேன்."

கையெழுத்துக்கு இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டதே எனக்கு ஆத்திரமாக இருந்தது. இதைச் செய்ய முப்பது வருஷமா என்று நினைத்தேன். ஆனாலும் அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். மாதம் பிறந்தால் பணம் வரும் என்ற நினைப்பே தலையணை மாதிரி இருந்தது.

குறித்த நாளில் அம்மாவனை ஆட்டோவில் ஏற்றி, மாடிப்படியில் இரண்டு பேர் தாங்கிக் கொண்டுபோனோம். என் கணவர் டயாலிசிஸ் முடிந்து நேராக அங்கே வந்தார். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது, முகம் வெளுத்திருந்தது. வக்கீலும் வந்து உட்கார்ந்திருந்தார். சுபேதார் எழுதியிருந்ததை உரக்க வாசித்தார். தந்தியை நான் மறைத்தேன், என் மருமகனுக்கு அது நாற்பத்தொன்றாம் நாள் வரை தெரியாது, தெரிந்திருந்தால் அவன் உடனே புறப்பட்டிருப்பான். இதுதான் சாரம். அம்மாவன் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

என் கணவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போடாண்டாம் மாமா."

"விடுலே. ஒரு ஒப்புதானே?"

"போடாண்டாம்னு சொன்னேம்லா." பிறகு சுபேதாரைப் பார்த்துச் சொன்னார்: "தந்தி வந்த அன்னைக்கே மாமா எனக்கிட்ட கொண்டு தந்தாரு. நான்தான் வாசிச்சிட்டு திருப்பிக் குடுத்தேன். வச்சுக்கிடுங்க, யாருட்டயும் சொல்லாதீங்கன்னேன். இவளுக்குத் தெரிஞ்சா வயித்தைப் பிடிச்சிக்கிட்டுப் போங்க போங்கன்னு அழுவா. மாமா போ, போன்னுதான் சொன்னாரு. நான் போவல்ல."

அம்மாவன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். முப்பது வருஷமாக நான் காறித் துப்பாத குறையாக ஒதுக்கிய மனிதன், அதை ஒரு நாளும் மறுத்துச் சொல்லவில்லை.

"சரி ஓய், உள்ளது அதுதான்" என்றார் சுபேதார் பொறுமையாக. "ஆனா இது உமக்கும் மாமாவுக்கும் மட்டும்தானே தெரியும்? இந்த அறையில யாரு காதுலயும் விழல்ல. ஒப்பு போட்டா வழி இருக்கு. போடாட்டா இல்ல."

"தெரிஞ்சிருந்தா போயிருப்பேன்னு எழுதியிருக்கேளே" என்றார் என் கணவர். "அம்மைக்க விளக்க விட்டுட்டுப் போயிருப்பேன்னு. தெரிஞ்சுதான் நின்னேன். அவளுக்கு நான் செய்தது அது ஒண்ணுதான். அதயும் செய்யல்லேன்னு எழுதிக் குடுக்கவா?"

நான் அங்கேயே கத்தினேன். வக்கீல் இருக்கிறார், சுபேதார் இருக்கிறார் என்று பார்க்கவில்லை. செத்துப்போனவளுக்கு விளக்கு, உயிரோடு இருக்கிறவளுக்கு என்ன, அடுத்த வாரம் ஊசிக்கு யார் கொடுப்பார், உங்கள் அம்மை வந்து கொடுப்பாளா என்றெல்லாம் கேட்டேன். அவர் காலைப் பிடித்தேன். உண்மையாகவே பிடித்தேன், அந்த அழுக்குத் தரையில். அவர் என்னைத் தூக்கப் பார்த்தார், பஞ்சு ஒட்டிய கையில் பலம் இல்லை. கடைசியில் சுபேதார்தான் அந்தத் தாளை இரண்டாக மடித்து மேஜை இழுப்பில் வைத்தார். கிழிக்கவில்லை. மனசு மாறினால் வாருங்கள் என்றார். என் கணவருடைய மனசு மாறாது என்று எனக்கு அப்போதே தெரியும்.

அம்மாவனை வீட்டில் இறக்கியபோது நான் அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய்க் கட்டிலில் உட்கார்த்தினேன். "ஏன் மாமா என்னிட்ட சொல்லல்ல?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அதுதான் நான் அவரை முதல் தடவையாக மாமா என்று கூப்பிட்டது.

"அவன் சொல்லாதேன்னான் மக்களே" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் என் கணவரோடு பேசவில்லை. சோறு வைப்பேன், மாத்திரை எடுத்துக் கொடுப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். தையல் இயந்திரம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இந்த மனிதனை எப்படிப் பிழைக்க வைக்கப் போகிறேன் என்ற பயம். அது ராத்திரியானால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போது ஆட்டோவில் அவராகப் பேச்சை எடுத்தார்.

"ஏட்டி, ஒரு காரியம் சொல்லுதேன், சண்டை போடாதே."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் போனா பயலுக்கு நாப்பத்தொண்ணு வேண்டாம். பதினாறோட போவட்டும். கம்பெனியில இருந்து போன் வந்தா அவன் கையில குடுத்திரு, நீ எடுத்துப் பேசாதே. லீவு தாண்டி ஒரு நாளும் நிக்கப்பிடாது. கேட்டியா?"

"நீங்க மட்டும் நிக்கலாமா?" என்றேன்.

"நான் நின்னாச்சு. அவன் நிக்காண்டாம்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் மடியில் கிடத்திக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஆட்டோ பள்ளத்தில் இறங்கியபோது அவர் கையில் ஊசி குத்திய இடம் இடிபடாமல் பிடித்துக்கொண்டேன்.

அவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு, வராந்தாவில் நின்று மகனுக்குப் போன் செய்தேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். இருக்கிறார் என்றேன். பிறகு, சும்மா கேட்பது போல, வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் உங்கள் கம்பெனியில் எத்தனை நாள் லீவு தருவார்கள் என்று கேட்டேன்.

"போக்குவரவு எல்லாம் சேத்து பத்து நாள் தருவான், அம்மா" என்றான். "ஏன் கேக்க?"

"ஒண்ணுமில்ல மக்கா" என்றேன். "நீ சோலியப் பாரு."