கை தவறாத நம்பர்

என் வீட்டுக்காரருக்கு வேலை அலாரம் மாட்டுவது. 'அலாரக்காரர்' என்றால்தான் எங்கள் தெருவில் தெரியும். வீட்டில் வாயே திறக்க மாட்டார். ஒரு கீபேட் முன்னால் நிறுத்திவிட்டால் மட்டும் பேச்சு நிற்காது. கட்டிக்கொண்ட நாளாக எனக்கு இதே பாட்டுதான்.

எந்த வீட்டில் மாட்டினாலும் இரண்டு நம்பர் போடச் சொல்வார். ஒன்று, வெளியே போய்விட்டு வந்ததும் அலாரத்தை அணைக்க. இன்னொன்று ஆபத்து நம்பர். எவனாவது முதுகில் கத்தியை வைத்து "அணை" என்று மிரட்டினால் அதை அழுத்த வேண்டும். அலாரம் அணைந்து பச்சை விளக்கு எரியும். பின்னால் நிற்பவனுக்கு வித்தியாசமே தெரியாது. சத்தமில்லாமல் வேண்டியவர் போனுக்குத் தகவல் போய்விடும். வீட்டார் நம்பரை அழுத்தும்போது இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பெரிய ராஜ ரகசியம் என்று நான் கிண்டல் செய்வேன்.

கல்யாணமாகிப் போன தன் தங்கை வீட்டுக்கும் இவரே மாட்டினார். தகவல் வருவது இவர் போனுக்கு.

ஒரு சாயங்காலம் அது வந்தது. பதறிப்போய்த் தங்கையைக் கூப்பிட்டார். எடுத்தது மாப்பிள்ளை. "கை தவறி அழுத்திட்டா, மச்சான். அவளுக்கு எதுலதான் கவனம் இருக்கு?" என்று சிரித்தார். இவரும் சிரித்தார்.

மறுபடி வந்தது. இரண்டு நம்பரும் ஒரே மாதிரி இருப்பதால்தான் குழப்பம் என்று, போய் ஆபத்து நம்பரை மாற்ற வைத்தார். ஓர் எண்கூட ஒத்துப்போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். இனிக் கை தவற வழியே இல்லை. அப்புறமும் வந்தது. போர்டில்தான் கோளாறு என்று புதுக் கீபேடே மாட்டினார். அதற்கும் பிறகு வந்தபோது எனக்கு நாத்தனார் மேல் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று லீவு நாளில் நானும் கூடப் போனேன்.

மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். இவர் கீபேட் மூடியைக் கழற்றியபடியே, "என்னம்மா நீ, ஒரு நம்பரை ஒழுங்கா அழுத்தத் தெரியாதா?" என்றார்.

அவள் குளியலறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒழுங்காத்தான் அழுத்துறேன், அண்ணா. வேலை விட்டுக் கூட்டிட்டு வர்றப்ப, எந்த நாள் வண்டியிலயே திட்ட ஆரம்பிச்சிடுறாரோ, அந்த நாள் ஆபத்து நம்பரை அழுத்துறேன். கதவைச் சாத்தினப்புறம் என் போன் அவர்கிட்ட இருக்கும். நீ வருவேன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நீ வந்து மிஷினை மாத்திட்டுப் போயிடுற."

சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். பழைய காயத்தின் மேலேயே புதுசும் இருந்தது.

இத்தனை நாளும் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நாங்கள் ரிப்பேர் பார்த்திருக்கிறோம். இவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் தரையில் விழுந்தது. எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"செருப்பைப் போடு, கிளம்பு" என்று நான்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கீபேட் ஒயரோடு சுவரில் தொங்க, அப்படியே போட்டுவிட்டு இறங்கினோம்.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் இவர் முதல் வேலையாக எங்கள் கீபேடில் அவளுக்கும் ஒரு நம்பர் போடச் சொன்னார். வழக்கம்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அழுத்தி முடித்துவிட்டு, "இன்னொண்ணு?" என்று கேட்டாள்.

"அதையும் போடும்மா" என்றார், திரும்பாமலே. "இனிமே போன் பண்ணிக் கேக்க மாட்டேன். வந்து நிப்பேன்."