கௌதாக்கின் துப்பாக்கியும் பனிக்பக்கின் கரடித்தோலும்

வாசலில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கரடித்தோல் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பனிக்பக்குக்கு ஆத்திரம் பொங்கியது. அந்தக் கரடி அவள் புருஷனைத் தின்றிருக்க வேண்டியது.

புருஷன் கௌதாக்குக்கோ அந்த நினைப்பே இல்லை. அடுப்பு வைக்காத முன்னறையில் உட்கார்ந்து துப்பாக்கியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ராணுவம் வேண்டாம் என்று கழித்துவிட்ட த்ரீ நாட் த்ரீ அது, அவன் அப்பா வாங்கியது. கட்டை விரிந்த இடத்தில் கடல்நாய்த் தோல் வாரைச் சுற்றியிருந்தான். போல்ட் ஒரு துப்பாக்கியுடையது, ஸ்பிரிங் இன்னொன்றுடையது. அப்பா வாங்கியதில் மிச்சமிருப்பது குழல் மட்டும்தான்.

போன வாரம் வேட்டைக்குப் போய் உறைந்த கடல் மேல் கூடாரம் போட்டிருந்தார்கள். டீக்குப் பனி வெட்டப் போன பனிக்பக்தான் முதலில் பார்த்தாள், "கரடி! ஒன் பின்னால!" என்று அலறினாள். கௌதாக் திரும்பிச் சுட்டான். டக். மறுபடியும் டக். குண்டு வரவில்லை, கரடிதான் வந்தது. அவள் தம்பி அகியாக் சறுக்குவண்டியிலிருந்து சுட்டிருக்காவிட்டால் அவள் அன்றைக்கே தாலியறுத்தவள்.

"துப்பாக்கி மேல தப்பே இல்ல புள்ள," என்றான் கௌதாக். "முந்தின ராத்திரி வார் சுத்துறேன்னு கூடாரத்துக்குள்ள கொண்டுவந்தேன்ல, அடுப்புச் சூட்டுல வேர்த்திருச்சு. வெளிய போனதும் உள்ளயே உறைஞ்சு போச்சு. என் தப்பு."

குளிர்காலத்தில் துப்பாக்கியை வெளியிலேயே போட்டுவைக்க வேண்டும் என்பது அந்த வடதுருவ ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். இந்த மனுஷன் கூடத்தைக் காப்பாற்ற, தனக்கு ஆடத் தெரியாது என்று சத்தியம் செய்கிறான்!

"அப்ப மாத்த வேண்டியது துப்பாக்கிய இல்ல, ஒன்னத்தான்," என்றாள். "கட்டைல வார் சுத்தற வேலை இல்லேன்னா அத எதுக்குய்யா உள்ள கொண்டாந்திருப்ப? ரிப்பேர் பண்ணிப் பண்ணியே சாகப் போற நீ!"

அவன் போனை எடுத்தான். அங்கே கையுறை தொலைந்தாலும் குழந்தை பிறந்தாலும் ஊர் ரேடியோவுக்குத்தான் பேசுவார்கள், எல்லா வீட்டிலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். "கௌதாக் பேசறேன். யார்கிட்டயாவது பழைய த்ரீ நாட் த்ரீ ஸ்பிரிங் இருந்தா குடுங்கப்பா. நல்ல துப்பாக்கி, சின்ன ரிப்பேர்தான்."

சின்ன ரிப்பேராம்! பனிக்பக் போனைப் பிடுங்கினாள்.

"யாரும் குடுக்காதீங்க! குடுத்தா ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கத்துவேன். கரடிய மொதல்ல பாத்தது யாரு? நான். நம்ம வழக்கப்படி மொதல்ல பாத்தவங்களுக்குத்தான தோலு? கூட்டுறவுக் கடைக்காரரே, கேக்குதா? தோலக் கொண்டு வரேன், ஒரு புதுத் துப்பாக்கி எடுத்து வைங்க."

பக்கத்து வீட்டுச் சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்டது. கௌதாக் முகம் சுண்டிப்போனான். சுண்டட்டும், உயிரோடுதானே சுண்டுகிறான் என்றிருந்தது அவளுக்கு.

தோல் காய்ந்ததும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் தோலை வாங்கிக்கொண்டு புதுத் துப்பாக்கியை மேஜை மேல் வைத்தார். முறைத்துக்கொண்டே வந்திருந்த கௌதாக், இருந்தாலும் கையை நீட்டினான். பனிக்பக் அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஒன்னோடத நீ காலம்பூரா ரிப்பேர் பண்ணிக்க. யாரு வேணாங்கறா? இது என்னோடது."

"நீ வேட்டைக்கு வரப்போறியா? என்னய முந்திக்கிட்டு நடப்பியா?"

"பின்னாலதான் வருவேன்," என்றாள். தோளில் துப்பாக்கி வாரை இறுக்கிக்கொண்டாள். "ஒன் முதுகு என் கண்ணுக்குத் தெரியணும்."