நம்ம குண்டு

எங்கள் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். ஊரில் இந்தியக் கொடி ஏறிச் சில வருஷம் ஆகியும் அவர் மட்டும் பிரான்ஸை விட்டுக்கொடுக்கவில்லை. சகாராப் பாலைவனத்தில் பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை வெடித்த செய்தி வந்த அன்று தெருவுக்கே கேக் வாங்கிக் கொடுத்தார். எனக்கு இரண்டு துண்டு கிடைத்ததால் நானும் பிரான்ஸ் கட்சி.

பெரியம்மா அப்போது, கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, முதல் தடவையாக மாசமாக இருந்தாள். எதிர்வீட்டு வாத்தியார் பத்திரிகையைப் படித்துக் காட்டினார். வெடித்த தூசி மேலே ஏறி, காற்றோடு உலகம் சுற்றி, மழையோடு இறங்குமாம். புல்லில் படிந்து, மாட்டின் பாலில் வந்து, பிள்ளைகளின் எலும்பில் தங்கிவிடுமாம். பெரியம்மா அன்றே பால் தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"அது நம்ம குண்டு. நம்ம ஊரு மேல வுழாது," என்றார் பெரியப்பா.

"தூசி ஊரு பேரு கேட்டுகினா வரும்? எவனோ எங்கயோ வெடிப்பான், என் புள்ள அத துன்னணுமா? என்னக் கேட்டுட்டா வெடிச்சாங்க? குடிக்க மாட்டேன்."

இன்றைக்கும் சொல்கிறேன், அவள் கேட்டதற்கு எந்த நாடும் பதில் சொல்லவில்லை.

பால் குடிக்காவிட்டால் பிள்ளை தேறாது என்று நர்ஸ் திட்டிவிட்டுப் போனாள். பெரியப்பா கெஞ்சினார், கத்தினார். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம், காலமில்லாத காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. பெரியப்பா மெடல்களைக் குத்திக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்றார்.

"பாரு! எனக்கு இன்னா ஆயிடிச்சி? வந்து பாலக் குடி!"

பெரியம்மா கதவைப் படாரென்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கடைசிவரை அவள் பாலைத் தொடவேயில்லை. கேழ்வரகுக் கஞ்சியிலேயே பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். கேழ்வரகும் மழையில் விளைவதுதான் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு அந்த மழையில் நான் பெரியப்பா பக்கம். அவருக்குப் பின்னால் போய் நின்று, "நம்ம குண்டு!" என்று கத்தி, நாக்கை நீட்டி மழையைப் பிடித்தேன். அவர் தற்செயலாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் என்னைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாகப் பின்கட்டுக் கிணற்றடிக்கு ஓடினார்.

"துப்புடி கண்ணு, துப்பு."

துப்பினேன். நாக்கைத் துண்டால் துடைத்தார். வாளி வாளியாக இறைத்து ஊற்றி, தோல் எரிய எரியச் சோப்புப் போட்டுத் தேய்த்தார்.

"நம்ம குண்டுதான பெரியப்பா?" என்றேன்.

அவர் இன்னொரு வாளி இறைத்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. பெரியவர்களுக்கும் சோப்பு கண்ணில் பட்டால் எரியும்போல என்று நினைத்துக்கொண்டேன்.